பன்னிரண்டில் ஆறு

என் தங்கையின் கிளினிக் கொப்பி எண்பது பக்கப் பாடசாலைக் கொப்பி. பழுப்புத் தாள் உறையும் அதற்கு மேல் பொலித்தீன் உறையும் போட்டு, முன் அட்டையில் அவளுடைய பெயரையும் இலக்கத்தையும் நான்தான் எழுதினேன். ஒவ்வொரு முறையும் வைத்தியர் அதில் நான்கைந்து வரிகள் ஆங்கிலத்தில் எழுதுவார். அவை பாதி விளங்கும், பாதி விளங்காது. கடைசி வரி மட்டும் அங்கே வரும் எல்லோருக்கும் விளங்கும். அதில் ஒரு பின்னம் இருக்கும். மூன்று போட்டு, சாய்கோடு இழுத்து, பன்னிரண்டு போட்டிருந்தால் மூன்று மாதம் கழித்து வர வேண்டும். ஆறு போட்டிருந்தால் ஆறு மாதம். கோட்டுக்கு அப்பால் ஐம்பத்திரண்டு இருந்தால் அது வாரங்களை எண்ணும் கிழமைக் கணக்கு.

புற்றுநோய் கிளினிக்கின் நீள வாங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒருவரிடம் ஒருவர் நோயைப் பற்றிக் கேட்பதில்லை. "எத்தனை மாதம்?" என்று மட்டுமே கேட்பார்கள். அந்தப் பதிலில் மற்றதெல்லாம் அடங்கியிருப்பதாக எல்லோரும் நம்பினோம். வைத்தியர் வாயால் சொல்லாததைக் கையால் எழுதிவிடுகிறார் என்பது வாங்கின் எண்ணம். அவரவர் திகதியில் வருகிறவர்கள் ஒரு வகை. திகதி இல்லாமல் இடையில் வருகிறவர்கள் இன்னொரு வகை. அவர்கள் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சற்று நகர்ந்து இடம் கொடுப்பார்கள். தேவைக்கு அதிகமாகவே நகர்வார்கள்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஓர் அரச அலுவலகத்தில் இருபத்தாறு வருடங்களாக எழுதுவினைஞராக இருக்கிறேன். எங்கள் பிரிவில் ஒரு கோப்பின் வேலை முடிந்ததும், அதை மறுபடி எடுக்க வேண்டிய திகதியை முன் அட்டையில் எழுதி அலுமாரியில் வைத்துவிடுவோம். அந்தத் திகதி வரும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில் எனக்குச் சொல்லித் தந்தது இது. அலுவலகம் இதனால்தான் ஒழுங்காக நடக்கிறது. நானும் இப்படித்தான் நடந்துகொண்டேன்.

தங்கை என்னைவிட ஐந்து வயது இளையவள். பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைத்து முடிந்த சட்டைகளைப் பரிசோதிக்கும் பிரிவில் இருந்தாள். கணவர் இறந்த பிறகு, பிள்ளைகளும் இல்லாததால், அம்பிட்டியவில் என்னோடு வந்துவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து பஸ் பாதைக்கு இறங்க எழுபத்தொரு படிகள். அவள் அவற்றை இரண்டு இரண்டாகத் தாண்டுவாள். நான் கீழே போய்ச் சேரும்போது கைப்பையைத் தட்டிக்கொண்டு நிற்பாள்.

"என்னாக்கா, படிய எண்ணிட்டு வாறியா? நேத்து இருந்ததுல ஒன்னு கொறஞ்சிருச்சா?"

நோய் தெரியவந்தபோது மார்பிலிருந்த கட்டி பெரிதாக இருந்தது. அதனால் முதலில் கீமோ ஏற்றிக் கட்டியைச் சுருக்குவது, பிறகு சத்திரசிகிச்சை என்று முடிவானது. மூன்று கிழமைக்கு ஒரு முறையாக எட்டு முறை ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் வைத்தியர் ஒரு சிறு கருவியால் கட்டியை அளந்து கொப்பியில் எழுதுவார். வீட்டுக்கு வந்ததும் நான் அந்த அளவை என் டயறியில் எழுதுவேன். பதினேழு வயதிலிருந்து ஒரு நாளும் விடாமல் டயறி எழுதுகிறவள் நான். ஐம்பத்திரண்டு மில்லிமீற்றர், நாற்பத்தேழு, நாற்பது, முப்பத்தொன்று என்று அந்த எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. தங்கையின் தலைமுடி போனது, நகங்கள் கறுத்தன, சோற்றின் வாசம் பிடிக்காமல் போனது. எல்லாம் எழுதினேன். ஆனால் மாலையில் திரும்பப் புரட்டிப் பார்த்தது அந்த எண்களை மட்டும்தான். எட்டாவது முறைக்குப் பிறகு வைத்தியர் நெடுநேரம் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றார்.

அன்றைய பக்கத்தில் நான் பூச்சியம் என்று எழுதினேன். அவர் பூச்சியம் என்று சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு, நான் எழுதியது வேறு. வருடக்கணக்காகப் பிறருடைய வார்த்தைகளைப் பிசகாமல் பிரதி எடுத்தவள், அன்று பிசகினேன்.

சத்திரசிகிச்சை செய்து வெட்டியெடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது கிழமை அறிக்கை வந்தது. பதினெட்டு மில்லிமீற்றர் இன்னும் இருந்தது. அக்குளிலிருந்து எடுத்த பதினான்கு நிணநீர்க் கணுக்களில் நான்கிலும் இருந்தது.

வைத்தியர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறிமாறி விளக்கினார். எனக்கு இரண்டும் தெரியும். தங்கைக்குத் தொழிற்சாலைச் சிங்களம் தெரியும். கீமோவுக்குப் பிறகு வெட்டியெடுத்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது நல்ல அறிகுறி. மிஞ்சியிருந்தால், மருந்துக்குச் சாகாத ஒன்று இருக்கிறது என்று பொருள். அது உடம்பில் வேறெங்காவது தங்கியிருக்கிறதா என்று இன்றைக்கு எந்த ஸ்கேனும் காட்டாது. இனிக் கதிர்ச் சிகிச்சை கொடுப்போம், மாத்திரை கொடுப்போம், பார்த்துக்கொண்டிருப்போம்.

"திரும்ப வருமா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு வெற்றுத் தாளை எடுத்து வட்டங்கள் போடத் தொடங்கினார். ஒரு வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசைகள். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது, ஒரு வட்டத்தையும் கோணலாகப் போடாமல் நூறையும் போட்டு முடித்தார். பிறகு கீழ் வரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பேனாவால் நிரப்பினார். உங்கள் தங்கையைப் போன்ற அறிக்கை உள்ள நூறு பெண்கள் இவர்கள், கறுப்பாக இருப்பவர்களுக்குத் திரும்ப வரும் என்றார். யார் எந்த வட்டம் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

நான் கறுப்பு வட்டங்களை எண்ணத் தொடங்கினேன். மூன்றாவது வரிசைக்கு வந்தபோது தங்கை அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

பஸ்ஸில் வரும்போது வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க இடத்துல இதே கததான்க்கா. ஒரு லொட்டுல கொஞ்சத்த எடுத்துப் பாப்போம். பழுது கூடன்னா முழு லொட்டுக்கும் செவப்புத் துண்டு ஒட்டிருவோம். எந்தச் சட்டையில பழுதுன்னு அப்ப யாருக்கும் தெரியாது. ஆனா துண்டு எல்லாத்துலயும் இருக்கும்."

"எத்தனை இருந்திச்சு? நீ எண்ணினியா?"

"நான் ஏன் எண்ணனும்? டாக்டர் தொரயே கஷ்டப்பட்டு எண்ணி எண்ணிக் கறுப்படிச்சாரு. நீ அத எழுதாத. எழுதுனா தெனமும் எடுத்துப் பாப்ப."

அன்றைய பக்கத்தில் 'நூறில்' என்று எழுதி, எண்ணுக்கு ஓர் இடம் விட்டேன். முப்பத்தைந்து வருட டயறிகளில் நான் வெற்றிடம் விட்டது அந்த ஓர் இடத்தில்தான்.

அதற்குப் பிறகு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வாங்கில் உட்கார்ந்தோம். காலை 6.10 பஸ்ஸைப் பிடித்தால் நாற்பதுக்குள் இலக்கம் கிடைக்கும். அக்குறணைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பெண் பெரும்பாலும் எங்களுக்கு முன்னாலேயே வந்திருப்பார். அறுபதை நெருங்கிய வயது. குடையையும் கொப்பியையும் ஒரே பையில் போட்டு மடியில் வைத்திருப்பார். என்னை மிஸ் என்றும் அவளைத் தங்கச்சி என்றும் கூப்பிடுவார்.

"தங்கச்சிக்கி எத்தின மாஸம் தந்தீக்கி?"

"மூணுதான். ஒங்களுக்கு?"

"எனக்கி ஆறு. அல்ஹம்துலில்லாஹ். பயப்பட வாணாம் தங்கச்சி, எல்லாருக்கும் மொதல்ல மூணுதான். மூணு தானே ஆறாகும்."

"மூணு ரெண்டாகாதுன்னு எழுதித் தருவீங்களா?"

"ஒங்கட வாய்க்கி ஒரு பூட்டுப் போடோணும்" என்று அவர் தங்கையின் தொடையில் தட்டுவார். பிறகு பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்துத் தருவார். ஆறு மாதம் என்ற பெண் எங்கள் திகதிகளிலெல்லாம் எப்படி அங்கே இருந்தார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. மூன்று மாதக் கணக்கில் வருகிறவர்கள்தான் ஒருவரையொருவர் தொடர்ந்து சந்திப்பார்கள். என் டயறியில் அவரைச் சந்தித்த நாட்கள் எல்லாம் இருக்கின்றன. ஐந்து முறை அடுத்தடுத்து. ஆறாவது முறை அவர் வரவில்லை. ஏழாவது முறையும் இல்லை. அவருடைய திகதியும் எங்களுடையதும் இனிப் பொருந்தாது போலும் என்று தங்கையிடம் சொன்னேன்.

இரண்டு வருடங்கள் முடிந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை வைத்தியர் கடைசி வரியில் ஆறைப் போட்டார்.

வெளியே வந்ததும் தங்கை கொப்பியைத் திறந்து எனக்குக் காட்டினாள். நான் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். மூன்றில்லை, ஆறுதான். வாங்கில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பிளாஸ்டிக் போத்தலைத் தூக்கி எங்களுக்கு வாழ்த்துச் சொன்னார். நான் அன்று அரை நாள் லீவை முழு நாளாக்கினேன். டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசை சாப்பிட்டோம். தங்கை இரண்டாவது வடையும் கேட்டாள். அவளுக்கு ஒரு பச்சைச் சேலை எடுத்தோம். தையலைப் புரட்டிப் பார்த்து, "ஓரம் சரியில்ல, பரவால்ல, பாஸ்" என்றாள். எழுபத்தொரு படிகளையும் நிற்காமல் ஏறினாள். அன்றைய பக்கத்தில் பின்னத்தை அப்படியே எழுதி அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் என் மேசை நாட்காட்டியில் அந்த ஆறாவது மாதத் திகதியைக் குறித்தேன். எனக்கு அது ஒரு கோப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதைப் போல இருந்தது.

இரண்டாவது மாதம் முடியும் முன்பே வலி வந்திருக்கிறது. இதை நினைவிலிருந்து சொல்லவில்லை. டயறியில் இருக்கிறது. 'தங்கைக்கு இடுப்பு வலி. அரிசிப் பை தூக்கியது காரணம்.' பதினொரு நாள் கழித்து, 'மறுபடி இடுப்பு. எண்ணெய் தேய்த்தேன்.' பிறகு, 'நாற்பதாவது படியில் நின்றாள்.' அதன் பிறகு, 'இருபத்தெட்டில் நின்றாள். படி வழுக்குகிறது என்றாள்.' அன்று மழை இல்லை. மழை பெய்த நாட்களை எப்போதும் எழுதுகிறவள் நான். அந்தப் பக்கத்தில் 'வெயில்' என்றும் என் கையெழுத்தில் இருக்கிறது. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டையும் எழுதிவிட்டு டயறியை மூடியிருக்கிறேன்.

நான் ஒன்றும் கேட்காமல் இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவ முடியாமல் கதிரையில் ஏறி உட்கார்ந்தபோது சொன்னேன்.

"போய்க் காட்டிட்டு வருவோமா?"

"தேதி எப்ப?"

"இன்னும் ஏழு கிழமை இருக்கு."

"அப்ப ஏழு கிழமைக்கு அப்புறம் போவோம். ஆறு மாசம்னு குடுத்திருக்காங்கன்னா சும்மாவா குடுத்தாங்க? இடையில போனா அந்த வாங்குல இருக்கவங்க என்னைய எப்படிப் பாப்பாங்கன்னு ஒனக்குத் தெரியும். நீயே நகந்து ஒக்காந்திருக்க."

அது உண்மை. நான் நகர்ந்திருக்கிறேன்.

அவள் மறுத்ததால் விட்டுவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இன்னும் திகதி வரவில்லையே என்று எனக்குள்ளும் ஒன்று ஆறுதலாகச் சொன்னது. வைத்தியர் கணக்குப் பார்த்துத்தான் ஆறு போட்டிருப்பார், ஆறு மாதத்துக்குள் ஒன்றும் வராது என்று தெரிந்துதான் போட்டிருப்பார் என்று நம்பினேன். நூறு வட்டங்களில் எது அவளுடையது என்று யாராலும் சொல்ல முடியாது என்றவரே, கடைசியில் அதை எங்களுக்கு மட்டும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

திகதியன்று சரியாகப் போனோம். படி இறங்கவே இருபது நிமிடம் எடுத்தது. 6.10 பஸ்ஸைத் தவறவிட்டோம்.

அன்றைக்கே படமெடுத்தார்கள். பிறகு இரத்தம், பிறகு ஸ்கேன். அடுத்த கிழமை வைத்தியர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்பில் மூன்று இடங்களில் இருந்தது. ஈரலிலும் இருந்தது. தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலி எப்போது தொடங்கியது?"

தங்கை கொஞ்ச நாளாக என்றாள். நான் கைப்பையிலிருந்து டயறியை எடுத்து முதல் திகதியைச் சொன்னேன். பிறகு மற்றவற்றையும் வாசித்தேன். பதினாறு பதிவுகள். எந்தப் படியில் நின்றாள் என்பது வரை. அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தனையும் எழுதியிருக்கிறீர்களே. ஏன் அப்போதே வரவில்லை?"

"திகதி வரவில்லை, டொக்டர். ஆறு மாதம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்."

அவர் கொப்பியை முன்னால் புரட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இரண்டு வருடம் முடிந்தால் எல்லோருக்குமே ஆறு மாதம்தான் போடுவோம், அது வழமை என்றார். அதற்கும் உங்கள் தங்கையின் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வலி இல்லாதவர்களுக்குத்தான் அந்தத் திகதி. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருக்கலாம் என்று பட்டது.

வெளியே தங்கையைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு, மருந்துத் துண்டு எடுக்கப் போவதாகச் சொல்லி நான் மட்டும் மறுபடி உள்ளே போனேன். வலி தொடங்கிய நாளிலேயே கொண்டுவந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். எனக்கு ஆம் என்ற பதிலையோ இல்லை என்ற பதிலையோ தாங்கிக்கொள்ளும் தயாரிப்பு இருந்தது. அவர் சொன்னது வேறு. எலும்பிலும் ஈரலிலும் வந்த பிறகு அதை முற்றாக எடுக்க முடியாது, முன்னாலேயே வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்றார். வலியை முன்னாலேயே குறைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஆக, அந்தப் பதினாறு பதிவுகளும் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உயிருக்குப் பயன்பட்டிருக்காது. அவள் தேவையில்லாமல் பொறுத்த வலி மட்டும்தான் என் ஒழுங்கினால் வந்தது. வீட்டில் பலமுறை இதைக் கணக்குப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்த வலி மட்டுமே மிஞ்சியது. அதற்கு மன்னிப்புக் கேட்டபோது தங்கை எண்ணெய்ப் போத்தலை மூடிக்கொண்டே, "நீ நல்லாத்தான்க்கா தேச்சு விட்ட" என்றாள்.

ஒரு பின்னேரம் அவள் தன் பழைய கைப்பையைக் கொண்டுவரச் சொன்னாள். அதன் உள்ளறையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். மடிப்புகளில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது.

"இந்தா. இப்ப எண்ணிக்க. ஆசப்பட்ட இல்ல."

எண்ணினேன். இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தேன். இரண்டரை வருடங்களுக்கு முந்தைய டயறியை எடுத்து அந்த வெற்றிடம் இருந்த பக்கத்தையும் திறந்தேன். ஆனால் அந்த எண் இனி எங்களுக்கு உரியதல்ல. வெற்றிடத்தை அப்படியே விட்டு, தாளை அந்தப் பக்கத்தில் வைத்து மூடினேன்.

"எழுதிட்டியா?"

"இல்ல."

"பெரிய ஆளுதான்" என்றாள்.

இப்போது கொப்பியின் கடைசி வரியில் ஐம்பத்திரண்டு வருகிறது. இரண்டு கிழமைக்கு ஒரு முறை போகிறோம். கொப்பி முடிந்துவிட்டது. இரண்டாவது கொப்பிக்கும் அதே போல உறை போட்டேன். முதல் கொப்பியில் செய்ததைப் போல எண்பது பக்கம் வாங்கவில்லை. கடையில் என் கை நாற்பது பக்கக் கொப்பியைத்தான் எடுத்தது.

கடந்த முறை வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கம்பளையிலிருந்து வருவதாகச் சொன்னாள். தலைமுடி இப்போதுதான் அரை அங்குலம் வளர்ந்திருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரண்டாவது வருகை. புதுக் கொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு எத்தன மாசம் போட்டிருக்காங்க?"

தங்கை மடியிலிருந்த கொப்பியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் கையை வைத்தாள்.

"ஆறு."

"ஆறா? ஆப்பரேஷன் பண்ணி எவ்ளோ நாளாச்சு?"

"மூணு வருஷம் ஆவப் போவுது."

"எனக்கு மூணுதான் போட்டிருக்காங்க. அது கொஞ்சம் பயமா இருக்கு."

"மொதல்ல எல்லாருக்கும் மூணுதான். மூணுதான் ஆறாகும். இதோ, எங்கக்காகிட்ட கேட்டுப் பாரு. அவ எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவளுடைய தோள்கள் இறங்கி, முதுகு வாங்கில் சாய்வதைக் கண்டேன்.

அப்போதுதான் அக்குறணைப் பெண்ணின் பை எனக்கு நினைவுக்கு வந்தது. ஐந்து முறையும் குடையோடு சேர்த்து மடியில் இருந்த பை. அவருடைய கொப்பியை நாங்கள் ஒரு முறையும் பார்த்ததில்லை. அவருக்கு உண்மையில் என்ன எழுதியிருந்தார்கள் என்று இனி அறிய வழியில்லை. திரும்பித் தங்கையைப் பார்த்தேன். அவளும் அதையேதான் நினைத்திருந்தாள் போலும். "பேரீச்சம்பழம் கொண்டாந்திருக்கணும்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். வழக்கமாக அவள் என் தோளைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். அன்று வாங்கின் கைப்பிடியை ஊன்றித் தானே எழுந்தாள். கதவு வரை பதினொரு எட்டு. அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் என்னைப் பிடிக்கவில்லை. நான் அரை அடி பின்னால் கையைத் தயாராக வைத்துக்கொண்டு நடந்தேன். கதவு மூடியதும் என் மேல் முழுப் பாரத்தையும் சாய்த்துவிட்டாள். வைத்தியர் எழுந்து வந்து கதிரையை நகர்த்திக் கொடுத்தார்.

அன்றைய பக்கம் இது: 'காலை 6.10 பஸ் இல்லை, ஆட்டோ. இலக்கம் 34. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அடுத்த வருகை இரண்டு கிழமை. வாங்கில் கேட்ட ஒரு பெண்ணிடம் ஆறு மாதம் என்று சொன்னாள். நானும் ஆம் என்றேன். திரும்பி ஏறும்போது ஒன்பது இடங்களில் நின்றோம். மழை இல்லை.'